தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு அனுப்புவது எப்படி?

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடலின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். தூத்துக்குடியில் மாலையில் நங்கூரம் எடுக்கும் கப்பல் மறுநாளே கொழும்புத் துறைமுகத்தை எட்டிவிடுகிறது. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தன் கப்பல்களை ஓட்டியதும் இந்த வழியில்தான். இவ்வளவு நெருக்கம் இருப்பதாலும், இரு கரையிலும் தமிழில் பேசியே வியாபாரத்தை முடித்துக்கொள்ள முடிவதாலும், இலங்கைக்குச் சரக்கு அனுப்புவதைப் பக்கத்து மாவட்டத்துக்கு லாரி அனுப்புவதுபோலப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். புதிதாக வருபவர்கள் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த எண்ணத்தால்தான் போகிறது. கடல் குறுகியதாக இருந்தாலும் நடுவில் இருப்பவை இரண்டு சுங்கத் துறைகள், இரண்டு நாணயங்கள், இரண்டு வரிச் சட்டங்கள் ஆகியவை. சரக்கு ஓர் இரவில் போய்ச் சேர்ந்துவிடும் என்பதாலேயே, தாள்கள் அனைத்தும் அதற்கு முன்பே சரியாக இருந்தாக வேண்டும். அமெரிக்காவுக்குச் செல்லும் கன்டெய்னர் பெட்டிக்குக் கிடைக்கும் மூன்று நான்கு வார அவகாசம் இங்கே கிடைப்பதில்லை.

இந்தக் கட்டுரை முதன்முறையாகக் கொழும்புக்குச் சரக்கு அனுப்ப எண்ணும் சிறு வணிகர்களையும் உற்பத்தியாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வேலைகள் நடக்க வேண்டிய வரிசையிலேயே சொல்லிச் செல்கிறேன். அந்த வரிசை மாறும்போதுதான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன.

முதலில் பொருளின் எண்

வாங்குபவரைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை, உங்கள் பொருளின் எச்.எஸ். எண்ணைக் கண்டறிவதாகும். உலகச் சுங்க அமைப்பு வகுத்த இந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. நாம் மிளகாய் வற்றல் என்பதை இலங்கையில் செத்தல் மிளகாய் என்பார்கள். நாம் பெரிய வெங்காயம் என்பதை அங்கே பம்பாய் வெங்காயம் என்று கேட்பவர்களும் உண்டு. சுங்க அதிகாரிக்கு இந்தப் பெயர்கள் தேவையில்லை. பொடி செய்யப்படாத காய்ந்த மிளகாய் 0904 21, அதையே அரைத்துத் தூளாக்கினால் 0904 22, வெங்காயம் 0703 10 என்பவைதான் அவருக்குத் தெரிந்த பெயர்கள். ஒரே மிளகாய், முழுதாக இருப்பதற்கும் தூளாக இருப்பதற்கும் வேறு வேறு எண் பெறுவதால், வரியும் கட்டுப்பாடும் வேறாகிவிடக்கூடும்.

எண்ணை நீங்களாக ஊகித்து எழுதிவிடக் கூடாது. வாங்குபவர் கிடைத்ததும், அவர் கொழும்பில் தன் சுங்க முகவரிடம் கேட்டு எந்த எண்ணில் இறக்குமதி செய்யப்போகிறார் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஆவணங்களில் வரும் முதல் ஆறு இலக்கங்களும் அவர் தரும் ஆறு இலக்கங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே ஓர் எண்ணும் அங்கே ஓர் எண்ணும் இருந்தால், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் கையில் இருந்தாலும் வரிச்சலுகை மறுக்கப்படலாம்.

இரு கரையிலும் அனுமதி உண்டா என்று பார்த்தல்

எண் கிடைத்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தப் பொருளை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப இன்று அனுமதி இருக்கிறதா? இலங்கைக்குள் கொண்டுவர இன்று அனுமதி இருக்கிறதா? இரு கேள்விகளிலும் 'இன்று' என்ற சொல்லைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறேன்.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் இந்தியா அதன் மீது 40 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 டன் அனுப்ப அரசு நிறுவனம் ஒன்றின் வழியாக அனுமதி தந்தது. பிறகு தடை நீங்கியும் வரி தொடர்ந்து, 2025 ஏப்ரல் 1 அன்றுதான் அந்த வரியும் முற்றாக நீக்கப்பட்டது. இந்த இரண்டு ஆண்டுகளில், பழைய விதியை நம்பி விலை பேசியவர்கள் பட்ட பாடு சிறிதல்ல. மறுகரையிலும் இதே நிலைதான். மஞ்சள் இறக்குமதியை இலங்கை நிறுத்தியதும் அங்கே விலை பல மடங்கு ஏறியது. இராமநாதபுரம் கரையிலிருந்து படகுகளில் மஞ்சள் மூட்டைகள் கடத்தப்படும் செய்திகள் தொடர்ந்து வந்தன. 2020-இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, அந்நியச் செலாவணி நெருக்கடி கடந்து, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது.

அயல்நாட்டு வணிகம் என்பது இரு அரசுகளின் உணவுக் கொள்கைக்கும் நாணய நிலைக்கும் நடுவே நடப்பது என்பதை இவை காட்டுகின்றன. இந்தியத் தரப்பில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.எப்.டி., வெளியிடும் அறிவிப்புகளையும், இலங்கைத் தரப்பில் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் வெளியிடும் வர்த்தமானி (அரசிதழ்) ஒழுங்குவிதிகளையும் விலை சொல்வதற்கு முன்பு ஒருமுறையும், சரக்கை ஏற்றுவதற்கு முன்பு மறுபடி ஒருமுறையும் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்திலும், அரசின் தடையோ புதிய வரியோ வந்தால் அதன் சுமை யாருடையது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதால் பல ஆண்டு நட்பு முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தடையற்ற வணிக ஒப்பந்தம் தருவதும் தராததும்

இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஒப்பந்தம் இருப்பதால் வரியே இல்லை என்று நினைத்து விலை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது சரியன்று, ஏன் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலாவதாக, ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொண்டன. அப்பட்டியலில் உள்ள பொருள்களுக்குச் சலுகை கிடையாது. தொடக்கத்தில் இந்தியாவின் பட்டியலில் 429 இனங்களும் இலங்கையின் பட்டியலில் 1,180 இனங்களும் இருந்தன. பொருளாதார அளவில் சிறிய நாடு தன் விவசாயிகளையும் சிறு தொழில்களையும் காக்க நீண்ட பட்டியல் வைத்துக்கொண்டது நியாயமே. ஆனால் விவசாயப் பொருள் அனுப்ப விரும்பும் தமிழக வணிகர், தன் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இரண்டாவதாக, ஒப்பந்தம் நீக்குவது சுங்க இறக்குமதி வரியை மட்டுமே. இலங்கையில் துறைமுகத்தில் வசூலாகும் மற்றவை அப்படியே நிற்கும்: துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி, சில பொருள்களுக்குச் செஸ், 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி (வாட்) ஆகியவை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொழும்பு வந்து சேரும் விலை 1,000 ரூபாய், சுங்க வரி 20 சதவீதம், துறைமுக வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெறுமதி சேர் வரியைக் கணக்கிடும்போது, அந்த 1,000-த்துடன் பத்தில் ஒரு பங்கைக் கூட்டி 1,100 ஆக்கி, அதன்மேல் செலுத்திய மற்ற வரிகளையும் சேர்த்து, அந்த மொத்தத்துக்கு 18 சதவீதம் போடுவார்கள். சலுகை இல்லையென்றால் 200 சுங்க வரி, 100 துறைமுக வரி, 1,400-க்கு 18 சதவீதமாக 252, ஆக மொத்தம் 552 ரூபாய். சலுகை உண்டென்றால் துறைமுக வரி 100, 1,200-க்கு 18 சதவீதமாக 216, ஆக மொத்தம் 316 ரூபாய். உதவுதொகை வரியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சலுகை 236 ரூபாய் மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது. அது பெரிய தொகைதான். ஆனால் மீதமுள்ள 316 ரூபாயை மறந்து விலை பேசியவர்களுக்கு வாங்குபவர் அடுத்த முறை பதிலே அனுப்பமாட்டார்.

மூன்றாவது, மேலும் நுட்பமானது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, மிளகாய் போன்ற அன்றாட உணவுப் பொருள்கள் சிலவற்றுக்கு, 2007-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, மற்ற வரிகள் எல்லாவற்றுக்கும் மாற்றாகக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே தொகையாக விசேட வியாபாரப் பண்ட அறவீடு விதிக்கும் அதிகாரம் இலங்கை அரசுக்கு உண்டு. உள்நாட்டு அறுவடை வரும்போது இதை உயர்த்துவதும், பண்டிகைக்கு முன் தட்டுப்பாடு வந்தால் குறைப்பதும் வழக்கம். கப்பல் நடுக்கடலில் இருக்கும் இரவில்கூட இந்தத் தொகை மாறக்கூடும். ஆகவே உணவுப் பொருள் வணிகர் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைவிட இந்த அறவீட்டையும் இலங்கையின் அறுவடைக் காலங்களையும்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். கொழும்புப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு இந்தச் செய்தி அரசிதழுக்கு முன்பே காற்றில் தெரிந்துவிடும். அவர்களுடன் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பது எந்த அறிக்கையைப் படிப்பதைவிடவும் பயன் தரும்.

பொருள் எங்கே பிறந்தது என்ற கேள்வி

சலுகை பெற வேண்டுமானால் பொருள் இந்தியாவில் பிறந்ததாக இருக்க வேண்டும். இங்கே விளைந்த மிளகாய்க்கு இதில் சிக்கல் இல்லை. தொழிற்சாலைப் பொருளுக்குத்தான் இரு சோதனைகள் உண்டு: மூன்றாம் நாடுகளிலிருந்து வந்த மூலப்பொருள்களின் மதிப்பு, கப்பலில் ஏற்றும் விலையில் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அந்த மூலப்பொருள்களின் எச்.எஸ். தலைப்பும் முடிந்த பொருளின் தலைப்பும் முதல் நான்கு இலக்க அளவில் வேறாக இருக்க வேண்டும். இலங்கையின் மூலப்பொருளையும் பயன்படுத்தியிருந்தால், இந்தியப் பங்கு குறைந்தது 25 சதவீதமும் இரு நாட்டுப் பங்கும் சேர்ந்து 35 சதவீதமும் இருந்தால் போதும் என்ற தளர்வும் உண்டு.

முதல் சோதனையில் தேறிய பலர் இரண்டாவதில் தடுக்கி விழுகிறார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் வெட் கிரைண்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 8509 என்ற தலைப்பில் வரும். அவர் சீனாவிலிருந்து மோட்டாரை மட்டும் வாங்குகிறார். மோட்டாருக்குத் தலைப்பு 8501. மதிப்பும் வரம்புக்குள் இருக்கிறது. இவருக்குச் சலுகை கிடைக்கும். அடுத்த தெருவில் இருப்பவர் மோட்டாரை உள்ளூரில் வாங்கி, கிரைண்டருக்கென்றே செய்த சில உதிரிப் பாகங்களைச் சீனாவிலிருந்து வரவழைக்கிறார். அவற்றின் மதிப்பு முன்னவரின் மோட்டாரைவிடக் குறைவுதான். ஆனால் அத்தகைய பாகங்களும் 8509 என்ற அதே தலைப்பில், 8509 90 என்ற கிளையில் வந்துவிடுவதால், தலைப்பு மாறவில்லை என்ற காரணத்தால் இவருக்குச் சலுகை மறுக்கப்படலாம். ஆகையால் எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது என்று முடிவுசெய்யும் நாளிலேயே இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பொருள் தயாரான பிறகு பார்ப்பதில் பயனில்லை.

இந்த விதிகள் ஏன் இவ்வளவு கடுமையாக உள்ளன என்பதற்கு இந்த ஒப்பந்தத்தின் வரலாறே விடை சொல்கிறது. 2000-த்துக்குப் பின் வந்த சில ஆண்டுகளில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஏற்றுமதி வேகமாகப் பெருகியது. அதில் பெரும்பங்கு வனஸ்பதியும் செம்புப் பொருள்களும்தான். பாமாயிலுக்கும் செம்புக்கும் இலங்கையில் இறக்குமதி வரி குறைவு, இந்தியாவில் அதிகம். அந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தவே ஆலைகள் இலங்கையில் எழுந்தன. இந்தியா ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வனஸ்பதிக்கு அளவு விதித்ததும், மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் என்று வரம்பு வைத்ததும் இதன் விளைவுகளே. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக நுழைகிறது என்று குடகு, கேரள மிளகு விவசாயிகள் எழுப்பிய குரலின் பின்னணியில், 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையும் வந்தது. குறுக்கு வழி தேடிய சிலரால் நேர்மையாகத் தொழில் செய்தவர்களின் ஆவணங்களும் இன்று சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகின்றன என்பது எனக்கு வருத்தமளிக்கும் உண்மை.

பிறப்பிடச் சான்றிதழுக்கு டி.ஜி.எப்.டி.யின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சாதாரணப் பிறப்பிடச் சான்றிதழை வணிகச் சங்கங்களும் தருகின்றன. அது வரிச்சலுகைக்கு உதவாது. இந்த ஒப்பந்தத்தின் பெயரால் வழங்கப்படும் சலுகைச் சான்றிதழே வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

பதிவுகள்

இதில் அதிகம் தயங்க வேண்டியதில்லை. பான் எண்ணை அடிப்படையாகக் கொண்ட இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணை, அதாவது ஐ.இ.சி.யை, 500 ரூபாய்க் கட்டணத்தில் இணையத்திலேயே பெறலாம். அதை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் எண் செயலிழந்துவிடும். அந்நியச் செலாவணியைக் கையாளும் உங்கள் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏ.டி. குறியீட்டைத் தூத்துக்குடிச் சுங்கத்தில் பதிய வேண்டும். ஜி.எஸ்.டி. செலுத்தாமல் அனுப்புவதற்கு எல்.யு.டி. எனப்படும் உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும். மிளகாய், மஞ்சள், மிளகு போன்றவற்றுக்கு நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவு தேவை. வாங்குபவரும் இலங்கையில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற்றுச் சுங்கத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். அந்த இலக்கத்தை முதல் உரையாடலிலேயே கேட்டுவிடுங்கள். தரத் தயங்குபவரிடம் நீங்களும் தயங்குவதே நல்லது.

விலையும் பணம் வரும் வழியும்

விலை சொல்லும்போது எந்த இடம் வரையிலான விலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால் கப்பலில் ஏற்றுவது வரை உங்கள் செலவும் பொறுப்பும், சி.ஐ.எப். கொழும்பு என்றால் கப்பல் கூலியும் காப்பீடும் உங்களுடையவை. சி.ஐ.எப். விலையில் விற்றாலும், சரக்கு கப்பலில் ஏறியதும் சேத அபாயம் வாங்குபவருக்கு மாறிவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. காப்பீட்டை நீங்கள் எடுத்தாலும் இழப்பீட்டைக் கோர வேண்டியவர் அவரே.

பணம் பெறும் வழிகளில் முன்பணம் உங்களுக்குப் பாதுகாப்பு, கடன் அவருக்குப் பாதுகாப்பு, குறித்த தாள்கள் வந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி உறுதி தரும் நாணயக் கடிதமாகிய எல்.சி. இருவருக்கும் நடுவானது. எல்.சி.யில் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை. தாள்களை மட்டுமே பார்க்கிறது. கடிதத்தில் வேறு கெடு இல்லையென்றால், சரக்கு ஏற்றிய 21 நாளுக்குள் ஆவணங்களைச் சேர்ப்பிக்க வேண்டும். வங்கிக்கு அவற்றை ஆராய ஐந்து வேலை நாள்கள் உண்டு. கடிதத்தில் எழுதியுள்ள பொருள் விவரமும் உங்கள் வணிகப் பட்டியலில் (இன்வாய்ஸ்) உள்ளதும் பொருந்த வேண்டும்; பொருந்தாவிட்டால் பணம் தரும் கடமை வங்கிக்கு இல்லை. எல்.சி. வரைவு வந்ததும் அதை, உங்கள் சார்பில் சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்டிடம் காட்டி, நிறைவேற்ற முடியாத நிபந்தனை ஏதேனும் இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே திருத்தக் கேளுங்கள்.

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைத்தபோது, அதுவரை தொலைபேசிப் பேச்சின் பேரில் கடனுக்குச் சரக்கு அனுப்பிய பலர் திகைத்து நின்றார்கள். வாங்கியவர்கள் நேர்மையானவர்கள், அவர்கள் கையில் இலங்கை ரூபாயும் இருந்தது, ஆனால் வங்கியில் டாலர் இல்லை. வாங்குபவரின் நாணயம் வேறு, அவர் நாட்டின் நாணய நிலை வேறு என்ற பாடத்தை அன்று எல்லோரும் கற்றோம். அந்த ஆண்டு ஜூலையில் இலங்கையுடனான வணிகத்தை, மத்திய வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் அமைப்பான ஆசியத் தீர்வக ஒன்றியத்துக்கு வெளியே முடித்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வெளிநாட்டு வங்கிகள் இந்திய வங்கிகளில் ரூபாயில் வைத்திருக்கும் வோஸ்ட்ரோ கணக்குகள் வழியாக இந்திய ரூபாயிலேயே பட்டியல் போட்டுப் பணம் பெறும் வழியும் திறந்தது. உங்கள் வங்கியும் வாங்குபவரின் வங்கியும் இந்த வசதியை வைத்திருந்தால், டாலர் ஏற்ற இறக்கத்திலிருந்து இது ஓரளவு காக்கும். எந்த வழியானாலும், இந்திய ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீட்டை எடுத்துக்கொண்டே கடனுக்கு அனுப்புங்கள். அது வாங்குபவர் பணம் தராததற்கும், நாட்டு நெருக்கடியால் பணம் வராததற்கும் ஈடு தருகிறது.

'நம்ம ஆள்தான், பிறகு உண்டியலில் அனுப்பிவிடுவார்' என்ற பேச்சுக்கு ஒருபோதும் இடம் தராதீர்கள். வங்கி வழியாக, ரிசர்வ் வங்கி குறித்துள்ள காலத்துக்குள் வராத பணம், சட்டத்தின் கண்ணில் வராத பணமே. அந்தச் சரக்குக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்த ஏற்றுமதிப் பத்திரமான ஷிப்பிங் பில் உங்கள் பெயரில் நிலுவையாக நின்று, அடுத்தடுத்த ஏற்றுமதிகளையும் வரி திரும்பக் கிடைப்பதையும் தடுக்கும்.

பெட்டி நகரும் நாள்கள்

சரக்கு புறப்படுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: வணிகப் பட்டியல், பேக்கிங் லிஸ்ட், சலுகைப் பிறப்பிடச் சான்றிதழ், விவசாயப் பொருளானால் தாவர நலச் சான்றிதழ், மிளகாயானால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்கான சோதனை அறிக்கை. மரச்சட்டம் அல்லது மரத்தட்டு வைத்துக் கட்டினால் அது பன்னாட்டு விதிப்படி வெப்பமூட்டப்பட்டோ புகையூட்டப்பட்டோ முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். முத்திரையில்லாத இரண்டு பலகைக்காக முழுப் பெட்டியும் நிறுத்தப்படுவது உண்டு. மிளகாயை ஏற்றும்போது ஈரத்தையும் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் கடல் வெப்பத்தில் ஈரம் வியர்த்து மூட்டையில் இறங்கினால், பூஞ்சை பிடிக்க ஒரு வாரம்கூட வேண்டாம்.

கிளியரிங் ஏஜென்ட் இணையத்தில் ஷிப்பிங் பில்லைத் தாக்கல் செய்வார். சரக்கு சோதிக்கப்பட்டோ சோதனையின்றியோ ஏற்றுமதி ஆணை கிடைக்கும். பிறகு பெட்டி துறைமுகத்துக்குள் செல்லும். கப்பல் கம்பெனி பில் ஆஃப் லேடிங் தரும். இந்தத் தாள்தான் சரக்கின் உரிமைப் பத்திரம். அச்சிடுவதற்கு முன் அதன் வரைவு உங்களுக்கு வரும். ஒவ்வோர் எழுத்தையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் படியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் தயாரித்த ஒரு கோப்பில், பட்டியலில் 480 மூட்டை என்றும் பில் ஆஃப் லேடிங்கில் 408 மூட்டை என்றும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கப்பல் மறுநாளே கொழும்பு போய்விட்டது. திருத்தம் போய்ச் சேர நாள்கள் ஆயின. அதற்குள் துறைமுக வாடகையும் பெட்டி வாடகையும் ஏறி, அந்தச் சரக்கின் லாபம் முழுவதும் கரைந்தது. வாடகை இல்லாத இலவச நாள்கள் எத்தனை என்பதைக் கப்பல் கம்பெனியிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கொழும்பில் வாங்குபவரின் முகவர் சுங்கப் பிரகடனத்தைத் தாக்கல் செய்வார். உணவுப் பொருளைத் தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரிகளும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் பார்ப்பார்கள். கப்பல் சேர்வதற்கு முன்பே எல்லா ஆவணங்களின் படிகளையும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்க வேண்டும். இந்தக் குறுகிய வழியில் அசல் தாள்கள் வங்கி வழியாகப் போய்ச் சேர்வதற்கு முன் சரக்கு போய்விடுவதால், கையில் பணம் வந்துவிட்ட சரக்குக்கு மட்டும், அசல் தாள் இல்லாமலே விடுவிக்கச் சொல்லும் சரண்டர் முறையைப் பயன்படுத்தலாம். பணம் வராத சரக்குக்கு, வாங்குபவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அந்தச் சலுகையைத் தராதீர்கள்.

மறுவழியில் வாங்குவதானால்

இலங்கையிலிருந்து கறுவாப்பட்டை, கிராம்பு, மிளகு, தேங்காய்ப் பொருள்கள் வாங்குபவர்களுக்கும் இதே ஒழுங்குதான்; சான்றிதழை அங்கே வர்த்தகத் திணைக்களம் வழங்குகிறது. இந்திய இறக்குமதியாளர் கூடுதலாக ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த, வரிச்சலுகைக்காகப் பொருளின் பிறப்பிடத்தைச் சரிபார்க்கும் இந்தியச் சுங்கத்தின் கரோட்டார் விதிகளின்படி, சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் சலுகை உறுதியாகிவிடாது. பொருள் உண்மையில் இலங்கையில் விளைந்ததா, எப்படித் தயாரானது, மதிப்புக் கூட்டல் எவ்வளவு என்ற விவரங்களை நீங்களே சேகரித்து, உரிய படிவத்தில் வைத்திருந்து, அதிகாரி கேட்கும்போது காட்ட வேண்டும். விற்பவர் தந்த தாள் தவறு என்று பின்னால் தெரியவந்தாலும் வரியையும் அபராதத்தையும் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். எனவே முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, தோட்டத்தின் அல்லது ஆலையின் விவரங்களையும் உற்பத்திச் செலவுக் கணக்கையும் எழுத்தில் பெறுங்கள். முதல் பெரிய கொள்முதலுக்கு முன் ஒருமுறை நேரில் போய் மாத்தளையிலோ காலியிலோ அந்தக் களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். சரக்கு வந்து விற்றுத் தீர்ந்த பின்னும், இந்தத் தாள்களை இறக்குமதிப் பத்திரம் தாக்கல் செய்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும்.